துப்பாக்கிக்குத் தாழ்ப்பாள் போட்ட பவுல் மவுசர்

ஜெர்மனியின் தென்பகுதியில் நெக்கார் என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் ஓபெர்ன்டார்ப் என்ற சிற்றூர் உள்ளது. அந்த ஊரில் ஒரு பழைய கிறிஸ்தவ மடம் இருந்தது. வூர்ட்டெம்பெர்க் நாட்டு அரசர் அதைத் துப்பாக்கித் தொழிற்சாலையாக மாற்றினார். துறவிகள் ஜெபம் செய்த இடத்தில் சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அந்தத் தொழிற்சாலையில் பிரான்ஸ் ஆன்ட்ரியாஸ் மவுசர் என்ற தொழிலாளி வேலை பார்த்தார். அவருக்கு 13 பிள்ளைகள். 1838-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி பிறந்த கடைக்குட்டிதான் பவுல் மவுசர்.

பிற்காலத்தில் பல நாட்டுப் பட்டாளங்கள் தோளில் சுமந்த ரைபிளுக்கு இவருடைய பெயர்தான். ஆனால் முதல் ரைபிளைச் செய்தபோது இவருக்குச் சொந்தத் தொழிற்சாலை இல்லை. கையில் பணமும் இல்லை. இருந்தவை இரண்டே. ஒன்று, அப்பாவிடமிருந்து வந்த கைத்தொழில். மற்றொன்று, நான்கு வயது மூத்த அண்ணன் வில்ஹெல்ம்.

முகத்தில் அடித்த அனல்

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஒரு முறை சுடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்ட வேண்டும். குண்டைப் போட வேண்டும். நீண்ட கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். இதற்குச் சிப்பாய் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் எதிரியின் குண்டு பாயும்!

டிரைசே என்ற ஜெர்மானியர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். குழலின் பின்பக்கத்தைத் திறந்து, அங்கே ஓர் இரும்புத் தண்டை வைத்தார். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போன்றது அது. பிடியைத் தூக்கி இழுத்தால் குழல் திறக்கும். தோட்டாவை வைத்துத் தள்ளி, பிடியைக் கீழே மடக்கினால் மூடிக்கொள்ளும். பிரஷ்ய நாட்டுச் சிப்பாய்கள் படுத்துக்கொண்டே சுட்டார்கள். 1866-ல் ஆஸ்திரியாவைப் பிரஷ்யா தோற்கடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அதில் குறைகள் இருந்தன. தோட்டா வெறும் காகிதத்தால் ஆனது. ஒரு நீண்ட ஊசி காகிதத்தைக் குத்தி, மருந்துக்குள் புகுந்து வெடிக்க வைக்கும். வெடித்த தீயில் அந்த ஊசியே வெந்து கெட்டுவிடும். தாழ்ப்பாளின் இடுக்கு வழியாக நெருப்பும் புகையும் கசியும். முகத்தில் அனல் அடித்தால் நிதானமாகக் குறி பார்ப்பது எப்படி?

இளைஞர் பவுலின் மனத்தை இந்தக் குறைகள் வாட்டின. 1859-ல் பட்டாளத்தில் சேர்ந்த அவர், லூட்விக்ஸ்பர்க் ஆயுதச் சாலையில் துப்பாக்கி பழுது பார்த்தார். எது எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்பதை அங்கே கண்ணால் பார்த்தார்.

தம்பி கை, அண்ணன் வாய்

பட்டாளத்திலிருந்து திரும்பியதும் சகோதரர்கள் ஒன்றாக வேலையில் இறங்கினார்கள். தம்பி பட்டறையில் ராவினார். அண்ணன் ஊர் ஊராகச் சென்று பேசினார்.

பவுல் செய்த மாற்றம் பார்ப்பதற்குச் சிறியது. பழைய ரைபிளில், சுடுவதற்கு முன் ஊசியைத் தனியாகப் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டும். பவுலின் ரைபிளில் அந்த வேலையே இல்லை. தாழ்ப்பாளின் பிடியைத் தூக்கும்போதே உள்ளே ஊசி தானாகத் தயாராகிவிடும்.

அடுத்து அவர் காகிதத் தோட்டாவைக் கைவிட்டு, உலோகத் தோட்டாவுக்கு ஏற்றபடி ரைபிளை அமைத்தார். வெடிக்கும் நேரத்தில் உலோகக் கூடு சற்று விரிந்து, குழலின் பின்பக்கத்தை அடைத்துக்கொள்ளும். தீயும் புகையும் பின்னால் வராது. சுட்ட பிறகு கூட்டை ஒரு கொக்கி வெளியே இழுத்துவிடும்.

தூரத்துக் குறி தவறாமல் இருக்க இதுதான் அடிப்படை. ரைபிள் குழலின் உள்ளே திருகு வரிகள் உண்டு. அவற்றால் குண்டு பம்பரம் போலச் சுழன்று, தள்ளாடாமல் போகும். ஆனால் ஒவ்வொரு தோட்டாவும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி உட்கார வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு குண்டும் ஒரே மாதிரி பறக்கும். அப்படி உட்கார வைப்பது தாழ்ப்பாளின் வேலை.

அயலூரில் பட்ட பாடு

ஊரில் யாரும் இந்தப் புதுமையை வாங்கவில்லை. அப்போது சாமுவேல் நாரிஸ் என்ற அமெரிக்கர் வந்தார். அவர் ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனியின் ஏஜெண்டு. சகோதரர்களுடன் ஒப்பந்தம் செய்து, 1867-ல் அவர்களைப் பெல்ஜியம் நாட்டு லீஜ் நகருக்கு அழைத்துச் சென்றார். துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன நகரம் அது. 1868-ல் அமெரிக்காவில் பேடண்ட் உரிமையும் கிடைத்தது. அதில் நாரிஸ் பெயரும் சேர்ந்திருந்தது.

ஆனால் பிரெஞ்சு அரசாங்கம் இந்த ரைபிளை ஏற்கவில்லை. ரெமிங்டன் கம்பெனியும் ஆர்வம் காட்டவில்லை. நாரிஸிடமிருந்து வந்த பணம் நின்றது. 1869 டிசம்பரில் பவுல் ஊர் திரும்பினார். மாமனார் வீட்டிலேயே ஒரு பட்டறை போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

1870-ல் பிரஷ்யாவுக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. பிரஷ்யா வென்றாலும், பிரெஞ்சுக்காரர்களின் ரைபிள் அதிகத் தூரம் சுட்டதை அதன் தளபதிகள் கண்டார்கள். பழைய ஊசித் துப்பாக்கி இனி உதவாது என்று புரிந்தது. அண்ணன் கொண்டுபோய்க் காட்டிய ரைபிளை ஸ்பாண்டாவ் ராணுவச் சுடும் பள்ளியில் சோதித்துப் பார்த்தார்கள். கைதவறி வெடிக்காமல் இருக்க ஒரு பாதுகாப்புப் பூட்டு வேண்டும் என்றார்கள். பவுல் அதையும் சேர்த்துக் கொடுத்தார். 1871-ம் ஆண்டு மாடல் என்ற பெயரில் ரைபிள் ஏற்கப்பட்டது.

பெரிய பணம் வந்ததா? இல்லை! ரைபிள் செய்யும் வேலை அரசாங்கத் தொழிற்சாலைகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் போயிற்று. கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்தது, குறி பார்க்கும் சிறு உறுப்புகளைச் செய்யும் ஆர்டர்தான். 1872-ல் ஒரு வீட்டில் வைத்து அவற்றைச் செய்தார்கள். பவேரியாவிலிருந்து மேலும் 1 லட்சம் உறுப்புகளுக்கு ஆர்டர் வந்தது. அதைக் கொண்டு கால் ஊன்றினார்கள். 1874-ல் ஒரு வங்கியைக் கூட்டுச் சேர்த்து, அப்பா கூலிக்கு உழைத்த அதே தொழிற்சாலையை விலைக்கு வாங்கினார்கள்!

மறுபடியும் ஒதுக்கினார்கள்

1882-ல் அண்ணன் வில்ஹெல்ம் இறந்தார். அதுவரை பேசுவதற்கு அண்ணன் இருந்தார். இனி எல்லாம் பவுல் தலையில் விழுந்தது.

1887-ல் துருக்கியிலிருந்து 5 லட்சம் ரைபிள்களுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. அதே ஆண்டு கம்பெனியின் பங்குகள் பெர்லின் லூட்விக் லோவே கம்பெனியின் கைக்குப் போயின. தம் பெயர் கொண்ட தொழிற்சாலையில் பவுல் தொழில்நுட்பத் தலைவராக மட்டும் இருந்தார். 1888-ல் ஜெர்மன் ராணுவம் புதிய ரைபிளைத் தேர்ந்தெடுத்தபோது, அவருடையதை எடுக்கவில்லை. ஒரு குழு தயாரித்த ரைபிளை எடுத்துக்கொண்டது.

பவுல் மனம் தளரவில்லை. பெல்ஜியம், துருக்கி, அர்ஜென்டினா, ஸ்பெயின் என்று வெளிநாடுகளுக்கு ரைபிள் செய்தார். ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு குறையை நீக்கினார். ஐந்து தோட்டாக்களை ஒரே தள்ளலில் உள்ளே இறக்கும் வசதி வந்தது. தோட்டாவின் அடியைக் கவ்விக்கொண்டே உள்ளே கொண்டுபோகும் கொக்கி வந்தது.

பத்து ஆண்டு கழித்து, 1898-ல் ஜெர்மன் ராணுவம் அவரிடமே திரும்பி வந்தது. அந்த ஆண்டின் மாடலில், தாழ்ப்பாளைப் பிடித்து நிறுத்த மூன்றாவது பூட்டுப் பல் இருந்தது. தோட்டா பிளந்துவிட்டால் தீயைச் சுடுபவர் முகத்திலிருந்து விலக்கிவிடும் துளைகளும் இருந்தன. இந்த ரைபிளின் குறி அளவு 2,000 மீட்டர் வரை இருந்தது. அமெரிக்க அரசாங்கமும் தன் 1903-ம் ஆண்டு ரைபிளுக்காக, மவுசரின் உரிமைகளுக்குப் பணம் கட்டியது.

பிறர் முகத்தைக் காப்பாற்றியவருக்கு ஒரு விபத்து காத்திருந்தது. 1901-ல் தானாகத் தோட்டா நிரப்பிக்கொள்ளும் ரைபிளைச் சோதித்தபோது, அவர் ஒரு கண்ணை இழந்தார். அதன் பிறகும் பட்டறையை விடவில்லை.

இரு பக்கமும் ஒரே ரைபிள்

1914 மே 29-ந் தேதி, தம் சொந்த ஊரிலேயே பவுல் மவுசர் காலமானார். வயது 75. இரண்டே மாதத்தில் முதல் உலகப் போர் வெடித்தது. ஆகஸ்டில் ஜெர்மன் படை பெல்ஜியத்தின் லீஜ் நகரைத் தாக்கியது. சகோதரர்கள் ஒரு காலத்தில் கஷ்டப்பட்ட அதே நகரம்! தாக்கியவர்கள் கையில் மவுசரின் 1898 மாடல். காத்து நின்ற பெல்ஜியச் சிப்பாய்கள் கையில் மவுசரின் 1889 மாடல். இரு பக்கமும் மனிதர்கள் விழுந்தார்கள். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

போர்கள் முடிந்த பிறகு, மீந்துபோன மவுசர் ரைபிள்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குறி சுடும் விளையாட்டில் ஆசை கொண்டவர்கள் அவற்றை வாங்கினார்கள். அதிகம் செலவழிக்க வசதி இல்லாதவர்கள் அவர்களில் பலர். பழைய குழலையும் கட்டையையும் மாற்றினார்கள். மவுசரின் தாழ்ப்பாளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். சிலருடைய முதல் தொலைதூர ரைபிள் அப்படித்தான் பிறந்தது. இன்றைக்கும் வேட்டை ரைபிள்கள் பலவற்றில் மவுசரின் அமைப்பைக் காணலாம்.

பணம் இல்லை என்று பவுல் மவுசர் வேலையை நிறுத்தவில்லை. கண்ணில் பட்ட குறையை ஒவ்வொன்றாகத் தீர்த்தார். அந்தப் பொறுமைதான் அவருடைய முதல். அதில் விளைந்த பொருளை உலகம் குறிப்பலகைக்கு முன்னாலும் வைத்தது, மனிதனுக்கு முன்னாலும் நீட்டியது.