பக்கத்து அறையில் ஒரு நாற்காலி

ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க. கஷ்டப்பட்டுப் படிச்சு ஒரு பெரிய பல்கலைக்கழகத்துல இடம் வாங்கிட்டீங்க. முதல் நாள் வகுப்புக்குப் போறீங்க. உங்க நாற்காலி மட்டும் வகுப்புக்குள்ள இல்ல, பக்கத்துல இருக்கிற சின்ன அறையில கிடக்கு. அங்க உட்கார்ந்துதான் பாடம் கேட்கணும். நூலகத்துல உங்களுக்குன்னு ஒதுக்குப்புறமா ஒரு மேசை. கேண்டீன்ல மத்தவங்க சாப்பிடுற நேரத்துல நீங்க சாப்பிடக் கூடாது. எப்படி இருக்கும்?

இது கற்பனைக் கதை இல்லைங்க. 1948-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் படிக்கச் சேர்ந்த ஜார்ஜ் மெக்லாரின் என்ற கறுப்பின ஆசிரியருக்கு நிஜமாகவே நடந்தது. இடம் கொடுத்தாச்சு, அதே பாடம்தான், அதே பேராசிரியர்தான், அப்புறம் என்ன குறை? இதுதான் பல்கலைக்கழகத்தின் கணக்கு. இந்தக் கணக்கு தப்பு என்று நிரூபிக்கத் தன் வாழ்க்கையையே செலவழித்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் தர்குட் மார்ஷல்.

1908 ஜூலை 2 அன்று மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் பிறந்தார். அப்பா ரயில் உணவுப் பெட்டியில் வேலை பார்த்தவர், அம்மா பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு ஒரு வித்தியாசமான பொழுதுபோக்கு உண்டு. ஓய்வு கிடைத்தால் கோர்ட்டுக்குப் போய் வழக்குகளை வேடிக்கை பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளோடு விவாதம்தான். எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பார். பள்ளியில் தர்குட் செம வாலு. சேட்டைக்குத் தண்டனையாக அரசியல் சட்டத்தைப் படிக்கச் சொல்லி உட்கார வைப்பார்கள். அப்படியே பெரும்பகுதி மனப்பாடம் ஆகிவிட்டது! சட்டத்தின் சமமான பாதுகாப்பு எல்லோருக்கும் உண்டு என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் அவர் படித்த பள்ளியே கறுப்பினக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய தனிப் பள்ளி.

சட்டம் படிக்க ஆசை. சொந்த ஊரிலேயே மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி இருந்தது. ஆனால் அங்கே கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. அதனால் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குத் தினமும் ரயிலில் போய் வந்தார். ஃபீஸ் கட்ட அம்மா தன் கல்யாண மோதிரத்தை அடகு வைத்தார். 1933-ல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார்.

அங்கே அவருக்கு வாய்த்த குரு சார்லஸ் ஹூஸ்டன். ஒரு வக்கீல் சமூகத்தைக் கட்டமைக்கும் இன்ஜினியராக இருக்க வேண்டும் என்பது அவர் நடத்திய பாடம். நமக்கு இது பிடிக்கும்தானே?

உண்மையிலேயே ஒரு இன்ஜினியர் மாதிரிதான் அவர்கள் வேலை செய்தார்கள். இனவாரியாகத் தனித்தனியாகப் பிரித்தாலும் வசதி சமமாக இருந்தால் தப்பில்லை என்று 1896-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. அந்தச் சுவரை எடுத்த எடுப்பில் இடிக்க முடியாது. எங்கே விரிசல் இருக்கிறது என்று தேடினார்கள். பல மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கென்று சட்டக் கல்லூரியே கிடையாது. அப்படியிருக்க, சமம் என்று எப்படிச் சொல்ல முடியும்? முதல் அடி எங்கே விழுந்தது தெரியுமா? அதே மேரிலாந்து சட்டக் கல்லூரியில்! டொனால்டு மரே என்ற கறுப்பின மாணவரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற தீர்ப்பு 1936-ல் உறுதியானது.

ஆனால் இதெல்லாம் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலை. 1946 நவம்பரில் டென்னசி மாநிலத்தின் கொலம்பியா ஊரில் ஒரு கலவர வழக்கில் வாதாடிவிட்டு இரவில் காரில் கிளம்பினார். போலீஸ் வழிமறித்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பொய்க் குற்றச்சாட்டு. அவரை மட்டும் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகாமல் ஆற்றுப் பக்கம் திரும்பினார்கள். கும்பலாகச் சேர்ந்து கறுப்பினத்தவரை அடித்துக் கொல்வது நடந்துகொண்டிருந்த காலம் அது. நண்பர்கள் விடாமல் பின்னாலேயே காரில் துரத்தினார்கள். வேறு வழியில்லாமல் போலீஸ் வண்டி ஊருக்குத் திரும்பியது. நீதிபதி அவர் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு, குடிக்கவில்லை என்று விடுவித்தார்.

மார்ஷல் ஓயவில்லை. டெக்சாஸ் மாநிலம் ஹேமன் ஸ்வெட் என்ற மாணவரை வெள்ளையர் கல்லூரியில் சேர்க்காமல் இருக்க, கறுப்பினத்தவருக்கென்று ஒரு தனிச் சட்டக் கல்லூரியையே அவசரமாக ஆரம்பித்தது. அந்த வழக்கிலும் மெக்லாரின் வழக்கிலும் 1950-ல் ஒரே நாளில் தீர்ப்பு வந்தது. இரண்டிலும் வெற்றி! சக மாணவர்களோடு பேசி, விவாதித்துப் படிப்பதும் படிப்பில் சேர்ந்ததுதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அடுத்து பள்ளிக்கூடங்கள். பிரௌன் வழக்கில், கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டி நடத்திய ஆய்வை மார்ஷலின் குழு ஆதாரமாக வைத்தது. பல குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்று காட்டியிருந்தார்கள். பிரித்து வைப்பது பிஞ்சு மனசை என்ன செய்கிறது பாருங்க. 1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது.

உச்ச நீதிமன்றத்தில் 32 வழக்குகளில் வாதாடி 29-ல் வென்ற மார்ஷல், 1967-ல் அதே நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். 24 ஆண்டுகள் பதவியில் இருந்தார். போகப் போக அவர் பக்கம் நிற்கும் நீதிபதிகள் குறைந்தார்கள். மாறுபட்ட தீர்ப்புகளாக எழுதிக் குவித்தார்.

அதில் ஒன்று 1973-ல் வந்தது. திவால் மனு போட 50 டாலர் கட்டணம் கட்ட முடியாத ஓர் ஏழையின் வழக்கு. தவணையில் கட்டலாமே, வாரத்துக்கு ஒரு சினிமா டிக்கெட் காசுகூட ஆகாதே என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மார்ஷலுக்குக் கோபம் வந்துவிட்டது. பரம ஏழைக்கு சினிமா என்பதே எட்டாத செலவு, ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியாமல் தீர்ப்பு எழுதுவது கேவலம் என்ற பொருளில் எழுதினார். மோதிரத்தை அடகு வைத்துப் படிக்க வைத்த அம்மாவின் மகனாச்சே! அந்த வழக்கில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அவர் பக்கம் தோற்றது.

1993 ஜனவரி 24 அன்று, 84 வயதில் காலமானார். அவர் படிக்க முடியாமல் போன அந்த மேரிலாந்து சட்டக் கல்லூரியின் நூலகத்துக்கு இன்று பெயர் என்ன தெரியுமா? தர்குட் மார்ஷல் சட்ட நூலகம்!

நாளைக்கு நீங்களும் ஒரு செயலியையோ, கட்டடத்தையோ, அலுவலக விதியையோ உருவாக்கத்தான் போறீங்க. எல்லாருக்கும் ஒண்ணுதானே என்று முடித்துவிடுவதற்கு முன்னால், பக்கத்து அறை நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க. அங்கிருந்து கரும்பலகை தெரியுதா?