சித்திரக் கிழவர் ஹொக்குசாய்

ஜப்பான் தேசத்திலே, இந்நாளில் டோக்கியோ என வழங்கும் எடோ நகரில், 1760-ஆம் ஆண்டு ஹொக்குசாய் பிறந்தார். இளமையில் மரப்பலகையில் சித்திரம் செதுக்குந் தொழில் பயின்ற அவர், 18-ஆம் பிராயத்தில் ஷுன்ஷோ என்னும் ஓவியரிடம் மாணாக்கராய் அமர்ந்தார். ஆசான் மறைந்தபின் அக்குழுவினின்று நீங்கி, பதிப்பாளர் வேண்டியவாறு கதைநூல்களுக்குப் படம் எழுதிக் காலங்கழித்தார். புகழ் வளர்ந்தது, வறுமையோ நீங்கிற்றில்லை.

கலையில் புதுநெறி கண்டபோதெல்லாம் பழம்பெயர் துறந்து புதுப்பெயர் பூண்டார். அவ்வாறு பூண்டவை ஏறத்தாழ 30 ஆகும். 1814-இல் வெளிவரத் தொடங்கிய மங்கா என்னும் சித்திரத் தொகுதியிலே தொழிலாளர், மல்லர், புள், விலங்கு, மரஞ்செடி முதலிய யாவும் இடம்பெற்றன. எழுபதாண்டு நிரம்பிய காலத்தேதான் ஃபூஜி மலையின் 36 காட்சிகள் என்னும் வரிசையைத் தொடங்கி, 46 படங்களாக விரித்து முடித்தார். உலகறிந்த பேரலைச் சித்திரம் அவற்றுள் ஒன்று.

இத்துணைப் புகழ் எய்தியும் அவர் உள்ளம் நிறைவுறவில்லை. எழுபதுக்கு முன் வரைந்தவை பொருட்படுத்தத் தகாதன என்றும், நூறாண்டு வாழின் கலையின் உண்மை கைகூடும் என்றும் 1834-இல் எழுதிவைத்தார். 1839-இல் இல்லத்தில் தீப்பற்றிப் பல்லாண்டுச் சித்திரங்கள் சாம்பராயின. எண்பதை எட்டிய முதியவர் மீண்டுந் தூரிகை எடுத்தார். 1849-இல் உயிர் நீங்குமளவும் தம்மை மாணாக்கராகவே எண்ணிய அப்பெரியார், பட்டம் பெற்றதும் கல்வி முடிந்ததென்று கருதும் நமக்கு நல்லாசிரியர் அல்லரோ?