தென்னந்தோப்பை வெட்டிய பெரியார்

பாலிக் புலாவ் என்றால் ஜாதிக்காயும் டுரியானும் நினைவுக்கு வரும். மலையிறங்கிக் கடற்கரைப் பக்கம் போனால் தென்னையும் உண்டு. தென்னங்கன்றை நம்மவர்கள் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். பெற்ற பிள்ளை கைவிட்டாலும் நட்ட பிள்ளை சோறு போடும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. காய்த்து நிற்கும் ஒரு தென்னையை வெட்டச் சொன்னால் யாருக்கும் மனம் வராது. அப்படிப்பட்ட மரங்களைத் தம் சொந்தத் தோப்பிலேயே ஐந்நூறுக்கும் மேல் வெட்டிச் சாய்த்தவர் ஈரோட்டு இராமசாமி. பின்னாளில் தந்தை பெரியார் என்று உலகத் தமிழர்கள் அறிந்தவர்.

சாதி ஒழிப்பு, பகுத்தறிவு, பெண்ணுரிமை என்று அவருடைய வாழ்க்கையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். குடியைப் பற்றி அவர் எடுத்த நிலைப்பாடும், பிறகு அதை மாற்றிக்கொண்ட விதமும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடையைக் கண்ணெதிரே பார்த்து வளர்ந்த மலேசியத் தமிழர்களுக்கு அந்தக் கதை மிகவும் நெருக்கமானது.

வசதியான வீட்டுப் பிள்ளை

1879ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி ஈரோட்டில் பிறந்தவர் இராமசாமி. தந்தை வெங்கட்ட நாயக்கர், தாயார் சின்னத்தாயம்மாள். எளிய நிலையிலிருந்து உழைத்து முன்னேறிப் பெரிய வணிகரானவர் தந்தை. மகனுக்குப் பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளோடு நின்றது. சிறு வயதிலேயே தந்தையின் மண்டிக்கு வந்து கணக்கையும் பேரத்தையும் கற்றுக்கொண்டார். 19 வயதில் நாகம்மையாரை மணந்தார்.

வியாபாரத்தில் அவருக்கு நல்ல கை. ஊரில் மதிப்பும் கூடியது. ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தபோது குடிநீர்த் திட்டத்தை நிறைவேற்றிப் பெயர் வாங்கினார். இராஜாஜியின் நட்பால் காங்கிரசுக்கு வந்தபோது, வகித்த பொதுப் பதவிகளை எல்லாம் உதறிவிட்டே வந்தார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். ஒத்துழையாமை இயக்கத்தில் நீதிமன்றத்தைப் புறக்கணிப்பது என்று முடிவானதும், தமக்கு வரவேண்டிய கடன்களுக்காகக் கூட வழக்குத் தொடர மறுத்துப் பெருந்தொகையை இழந்தார்.

சேலத்துத் தோப்பில் கோடரி

1921இல் கள்ளுக்கடை மறியல் தொடங்கியது. கள் அன்றைக்கு வெறும் குடிப்பழக்கமாக மட்டும் இருக்கவில்லை. சென்னை மாகாண அரசின் வருமானத்தில் பெரும் பங்கு கள், சாராய ஏலத்திலிருந்து வந்தது. கடையை ஏலம் எடுத்தவருக்கும், மரத்தைக் கள்ளிறக்கக் குத்தகைக்கு விட்ட தோப்புக்காரருக்கும், வரி வாங்கிய அரசாங்கத்துக்கும் அதில் லாபம். கூலிப் பணத்தைக் கடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவனின் குடும்பத்துக்கு மட்டும்தான் நஷ்டம்.

சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் இராமசாமிக்குத் தென்னந்தோப்பு இருந்தது. கள்ளுக்கு விடமாட்டேன் என்று அறிவித்துவிட்டுத் தேங்காயை மட்டும் பறித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஆட்களை விட்டு மரங்களையே வெட்டச் செய்தார். கடை வாசலில் நின்று பிறரைக் குடிக்காதே என்று தடுப்பவன், அந்தக் கடைக்குப் போகக்கூடிய பொருளைத் தன் நிலத்தில் வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு அவர் கொடுத்த பதில் அது.

மறியலில் கைதாகி அவர் சிறை சென்றார். போராட்டம் அதோடு நிற்கவில்லை. மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டிக்கொண்டு ஈரோட்டுக் கடை வாசல்களுக்கு வந்தார்கள். வசதியான குடும்பத்துப் பெண்கள் வீதிக்கு வருவதே அரிதாக இருந்த காலம் அது. 144 தடை உத்தரவையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை.

பினாங்கில் கரையிறங்கியபோது

காங்கிரசுக்குள் வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காததால் 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து அவர் வெளியேறினார். அதே ஆண்டு மே மாதம் தொடங்கியிருந்த குடி அரசு வார இதழ் அவருடைய சுயமரியாதைக் கருத்துகளைத் தமிழகம் முழுவதும் கொண்டுசென்றது. இதழ் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது.

1929 டிசம்பரில் இதழை நடத்தியவரே நாகம்மையாரோடு கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினார். அவரை மலாயாவுக்குள் விடக்கூடாது என்று எதிர்ப்புத் தெரிவித்தவர்களும் இங்கிருந்த தமிழர்களில் உண்டு. வரவேற்புக்குக் குறைவில்லை. ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டு, ஏறக்குறைய ஒரு மாதம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சுற்றிப் பேசினார்.

அவர் கண்ட மலாயாவில், ரப்பர் தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தச் சம்பளத்தின் ஒரு பகுதி சாயங்காலமே கைமாறுவதற்கு லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது.

கடை அவ்வளவு அருகில் இருந்ததற்கு ஒரு காரணம் கள்ளின் தன்மையே. பாளையைச் சீவினால் சொட்டும் சாறு இனிப்பாக இருக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீராகவே நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதி சில மணி நேரத்தில் அதைப் புளிக்கவைத்துவிடும். பார்லியை முளைகட்டி, ஈஸ்டு சேர்த்து, நாட்கணக்கில் காத்திருந்து இறக்கும் பீரின் அளவுக்குப் போதை, எந்தச் செலவும் இல்லாமல் மதியத்துக்குள் வந்துவிடும். ஆனால் பீரைப் போல அதைப் பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்க முடியாது. மறுநாளே புளித்துக் காடியாகும். அன்றன்றைக்கு இறக்கி, அன்றன்றைக்கே விற்றாக வேண்டும். அதனால் மரம், கடை, குடிப்பவன் மூன்றும் பக்கத்தில் இருந்தால்தான் வியாபாரம் நடக்கும்.

தோட்டக் கடைகள் நிர்வாகத்தின் கையில் இருந்தன. லாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடுவதற்கென்று கள்ளு நிதி என்ற ஏற்பாடும் இருந்தது. தொழிலாளியைக் குடிக்கவைத்து, அந்தக் காசிலிருந்தே அவனுக்கு நலம் செய்வதாகக் காட்டும் இந்த ஏற்பாட்டைச் சீர்திருத்தக்காரர்கள் சாடினார்கள்.

தோட்டங்களில் எழுந்த குரல்

பெரியார் திரும்பிப் போன பிறகு அவர் விட்டுச்சென்ற பேச்சு இங்கே வேர்விட்டது. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அந்த வட்டத்திலிருந்து வந்த கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். சாதியும் குடியும் தமிழனைத் தலைகுனிய வைக்கின்றன என்ற கருத்து தோட்டத்து இளைஞர்களிடம் பரவியது. அதற்கு முழுக் காரணம் பெரியார் ஒருவரே என்று சொல்ல முடியாது. இந்திய தேசிய இயக்கத்தின் தாக்கமும், தோட்டத்து அனுபவமும் சேர்ந்தே அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். சம்பள உயர்வு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு முடிவு, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி என்ற கோரிக்கைகளோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் சேர்ந்திருந்தது. குடிக்கிறவர்கள் என்று யாரைக் குறை சொன்னார்களோ அவர்களே கடையை மூடச் சொன்னார்கள். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். இராணுவம் இறக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

போர் முடிந்தபின் கெடாவில் அந்தக் குரல் மறுபடி எழுந்தது. பெடோங் பகுதியில் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொண்டர் படையை அமைத்தார். இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947இல் போலீசாரோடு மோதல் ஏற்பட்டு இரத்தம் சிந்தியது. ஈரோட்டில் 1921இல் நடந்தது, பினாங்குக்கு எதிர்க்கரையில் கால் நூற்றாண்டு கழித்து வேறு உருவில் நடந்தது.

சட்டத்தை நம்பாத பெரியார்

இதற்கிடையே பெரியார் வேறொரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்.

1937இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல்வரானார். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் அமலானது. பெரியார் தம் தென்னைகளை வெட்டியது அதே சேலத்தில்தான். கள்ளில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது.

தோப்பை வெட்டியவர் இதைக் கண்டு மகிழ்ந்திருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. சட்டத்தின் மூலம் குடியை ஒழிக்க முடியாது என்று பெரியார் வெளிப்படையாகவே எதிர்த்தார். கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும், லஞ்சம் வளரும், மக்களுக்குப் பயன்பட வேண்டிய வருமானம் போகும் என்பது அவர் வாதம். 1971இல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோதும் அவர் அதைக் குறை கூறவில்லை.

பழைய தொண்டர்கள் சிலருக்கு இது புரியவில்லை. மரத்தை வெட்டியது தவறா, மதுவிலக்கை எதிர்த்தது தவறா என்று கேட்டவர்களும் உண்டு. அவர் வாழ்க்கையை முழுதாகப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஓர் இழை தெரிகிறது. 1921இல் அவர் வெட்டியது தம் மரத்தை. அடுத்தவர் தோப்பில் அவர் கோடரி வைக்கவில்லை. மனிதன் தன்னை மதிக்கத் தொடங்க வேண்டும் என்பதே அவருடைய இயக்கத்தின் அடிப்படை. போலீசுக்குப் பயந்து குடிக்காதவன் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பான் என்பதை நாற்பது ஐம்பது ஆண்டு அனுபவம் அவருக்குக் காட்டியிருந்தது.

ஆனால் அவர் சொன்னதற்கும் மறுபக்கம் உண்டு. கடை திறந்திருந்தால் முதலில் அடிபடுவது கூலிக்காரன் வீட்டு அடுப்பு. 1921இல் நாகம்மையாரின் பின்னால் வந்து நின்ற பெண்களுக்கு அது தெரியும். 1941இல் கிள்ளானில் கடையை மூடச் சொன்னவர்களுக்கும் தெரியும். இந்தக் கேள்விக்கு எந்த ஒரு தலைவரும் முழுமையான பதில் சொல்லிவிடவில்லை.

இன்றும் முடியாத கதை

1954இன் இறுதியில் பர்மா வழியாக மணியம்மையாருடன் பெரியார் மறுபடி மலாயாவுக்கு வந்தார். 1929இல் அவரைப் பார்த்த இளைஞர்கள் அப்போது நடுத்தர வயதைக் கடந்திருந்தார்கள். 1973 டிசம்பர் 24ஆம் தேதி, 94ஆம் வயதில், வேலூர் மருத்துவமனையில் அவர் காலமானார். கடைசிக் கூட்டத்தில் பேசிச் சில நாட்களே ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் மதுவிலக்கு மீண்டும் வந்தது. பின்னர் அதுவும் நீங்கியது.

இங்கே தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். கள்ளுக்கடைகள் குறைந்தபோது அந்த இடத்துக்கு வந்தது கள்ளைவிடப் பல மடங்கு வீரியமுள்ள சம்சு. அது தோட்டப்புறக் குடும்பங்களைச் சீரழித்ததைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாக எடுத்துச் சொல்லி வந்தது. ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகள் இன்று மதுக்கூடங்களாகி, சிறு ஆலைகளில் இறக்கிய விதவிதமான பீரைச் சுற்றுப்பயணிகளுக்கு ஊற்றுகின்றன. அதைத் தொழில்நுணுக்கம் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. தென்னை உச்சியில் ஏறிக் காலையும் மாலையும் பாளை சீவிய நம் முன்னோரின் கைப்பக்குவத்தை அப்படி யாரும் பாராட்டியதில்லை. அவர்களுக்குக் கிடைத்தது குடிகாரச் சமுதாயம் என்ற பெயர்தான்.

அந்தப் பெயரைத் துடைக்க வேண்டும் என்றுதான் பெரியார் தம் தோப்பில் தொடங்கினார். மரத்தை வெட்டுவது ஒரு நாள் வேலை. சம்பள நாளன்று கையில் பணத்தோடு கடையைத் தாண்டி வீட்டுக்கு நடப்பது ஒவ்வொரு மாதமும் செய்ய வேண்டிய வேலை. அதை எந்தத் தலைவரும் எந்தச் சட்டமும் நமக்காகச் செய்துவிட முடியாது.