இதயத்தின் கோட்டை வரைந்தவர்

கடந்த வருடம் அம்மாவை இதய சி.ரி. ஸ்கானுக்காகக் கொழும்புக்குக் கூட்டிச் சென்றிருந்தேன். முதலில் துடிப்பைக் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள். பிறகு நெஞ்சில் ஈ.சி.ஜி. வயர்களை ஒட்டினார்கள். படம் எடுக்கும் இயந்திரத்துக்கு இந்த வயர்கள் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அதைத் தேடிப் படித்தபோதுதான் வில்லெம் ஐந்தோவனின் கதை கிடைத்தது.

அவர் 1860 இல், ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்த யாவாத் தீவின் செமராங் நகரில் பிறந்தார். ஆறு வயதில் தகப்பனை இழந்தார். நான்கு வருடங்களின் பின் தாய் ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நெதர்லாந்து திரும்பினார். தகப்பன் இல்லாத வீட்டை ஒரு தாய் தூக்கி நிறுத்துவது எப்படிப்பட்டது என்று எங்கள் ஊர்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளை மருத்துவம் படித்து, 25 வயதில் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

இதயம் துடிக்கும்போது மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. அதைப் பதிய அன்று இருந்தது மெல்லிய குழாயில் பாதரசம் நிரப்பிய ஒரு கருவி. இதயத்தின் வேகத்துக்குப் பாதரசத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. கோடுகள் உருக்குலைந்து வந்தன. ஐந்தோவன் கணக்குப் போட்டு அவற்றைத் திருத்தினார். திருத்திய கோட்டின் மேடு பள்ளங்களுக்கு பி, கியூ, ஆர், எஸ், ரி என்று பெயரிட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. எனவே காந்தத்தின் நடுவே வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழையைக் கட்டி, புதிய கருவி ஒன்றைச் செய்தார். அது சுமார் 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டது. வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்ல முடியாததால், சுமார் 1.5 கிலோமீற்றர் கம்பி வழியாக நோயாளிகளின் இதயத் துடிப்பைத் தன் ஆய்வுகூடத்துக்கு வரவழைத்தார். 1924 இல் நோபல் பரிசு பெற்றார். 1927 இல் காலமானார். சி.ரி. ஸ்கானில் முதல் நோயாளியைப் படமெடுத்தது 1971 இல்தான்.

ஓடும் பஸ்ஸைப் படம் எடுத்தால் மங்கலாகத்தான் வரும். துடிக்கும் இதயத்தின் இரத்தக் குழாய்களும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும், இதயம் தளர்ந்து இரத்தம் நிரம்பும்போது அசைவு சற்று அடங்குகிறது. ஐந்தோவன் பெயரிட்ட ஆர் என்ற உயரமான முனையிலிருந்து நேரத்தைக் கணித்து, இயந்திரம் அந்தக் கணத்தில் படத்தைப் பிடிக்கிறது. துடிப்பு மெதுவானால் அந்த அமைதி நீளும். மாத்திரை அதற்குத்தான்.

அம்மா பயந்துபோயிருந்ததால் துடிப்பு இறங்கவே இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார வைத்துவிட்டார்கள் என்று நான் எரிச்சல்பட்டேன். அது வீண் காத்திருப்பு இல்லை என்று இப்போது தெரிகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஸ்கான் எழுதியிருந்தால், அன்று தேநீர், கோப்பி வேண்டாம் என்று சொல்வதையும் கேளுங்கள். அவையும் துடிப்பைக் கூட்டக்கூடியவை. பக்கத்தில் இருந்து பயத்தைப் போக்குங்கள். படம் தெளிவாக வருவதற்கு அதுவும் ஓர் உதவிதான்.