குறவஞ்சியை மராத்தியில் பாடிய மன்னர்

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1777இல் பிறந்தார். துளஜா மன்னர் அவரைத் தத்தெடுத்தார். அமர்சிங்குடன் எழுந்த அரசுரிமைப் பூசலால் சில காலம் சென்னையில் தங்கிப் பயின்றார். 1798இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே ஆட்சிப் பொறுப்பு கும்பினியார் கைக்குப் போயிற்று. எஞ்சியவை ஏடுகள், சரசுவதி மகாலை வளர்ப்பதில் மனம் செலுத்தினார்.

அரண்மனையில் மராத்தி, கணக்கில் மோடி எழுத்து, வீதியில் தமிழ் என்றிருந்த ஊரில், தேவேந்திரக் குறவஞ்சியை அவர் மராத்தியில் இயற்றினார். குறத்தி மலைவளம் கூறுவது தமிழ் மரபு. இவருடைய குறத்தியோ உலகத்து நாடுகளைச் சொல்லுகிறாள்! பூகோளப் பாடம் முழுதும் புதிது. குறவஞ்சி என்னும் பெயருக்கு மட்டும் அவர் ஈடு தேடவில்லை. தேடியிருப்பின் குறத்தியோடு அவள் மலையும் கூடையும் தொலைந்திருக்கும். மருத்துவத்திலோ அவர் சென்றது மறுவழி: தன்வந்திரி மகாலின் சிகிச்சை முறைகள் தமிழ்ச் செய்யுளாயின. மூலிகையை நாட்டு வைத்தியர் அறிந்த பெயரால் சொன்னாலன்றோ மருந்து கைக்கு வரும்?

கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் அம்மன்னரையே பாட்டுடைத் தலைவராக்கிச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைத் தமிழில் பாடினார். அது பெரிய கோயிலில் ஆடப்பெற்றது. சரபோஜி 1832இல் மறைந்தார். தஞ்சை மராட்டியர் அரண்மனை மோடி ஆவணங்களைப் பின்னாளில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டது.