செருப்புத் தைத்த கேரி பாதிரியார்

கல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் கவர்னர் ஜெனரல் ஒரு விருந்து அளித்தார். பெரிய உத்தியோகஸ்தர்களுக்கு நடுவே வில்லியம் கேரியும் அமர்ந்திருந்தார். அவர் முன்னாளில் செருப்புச் செய்பவராக இருந்தவர்தானே என்று ஒரு ராணுவ அதிகாரி பக்கத்திலிருந்தவரைக் கேட்டாராம். அது கேரியின் காதில் விழுந்தது. செருப்புச் செய்பவன்கூட அல்ல, பிய்ந்ததைத் தைத்துக் கொடுத்தவன்தான் என்று அவர் அமைதியாகத் திருத்தினாராம்.

கர்வம் பிடித்தவருக்கு இந்தப் பதில் வாயில் வராது. தன்மேல் நம்பிக்கை இல்லாதவருக்கும் வராது. கிறிஸ்தவ வாழ்க்கையில் தன்னம்பிக்கை எது, தற்பெருமை எது என்று காண விரும்புகிறவர்களுக்குக் கேரியின் சரித்திரம் ஓர் உரைகல்.

பட்டறையில் உலகப்படம்

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரில், பாலர்ஸ்பரி என்ற கிராமத்தில் 1761-ம் ஆண்டு பிறந்தார் கேரி. செருப்புத் தைத்துக்கொண்டே லத்தீன், கிரேக்கம், எபிரேயம் கற்றார். பட்டறைச் சுவரில் உலகப்படம் தொங்கும். பின்னர் பாப்டிஸ்டு சபையின் போதகரானார்.

வெளிநாடுகளுக்குச் சென்று சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்று 1792-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கெட்டரிங் நகரில் சில போதகர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அன்று சேர்ந்த நன்கொடை வாக்குறுதி 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். இதை வைத்துக்கொண்டா உலகத்தை எட்டுவது? எட்டலாம் என்று நம்பினார் கேரி. அந்த நம்பிக்கை தம் திறமையின் மேல் வைத்ததல்ல, தம்மை அழைத்தவர் மேல் வைத்தது.

வீட்டில் விழுந்த இடி

1793 நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார். அவருடைய மனைவி டாரதி முதலில் வர மறுத்தவர். கடைசி நேரத்தில்தான் தங்கையின் துணையோடு கப்பல் ஏறினார். மறு ஆண்டே அவர்களுடைய ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். தாயின் சித்தம் கலங்கியது. 1807-ல் கண்மூடும் வரை தெளியவில்லை. பக்கத்து அறையில் மனைவி கூக்குரலிட, கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நாட்கள் பல.

இது விசுவாசமா, பிடிவாதமா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. கடவுளின் அழைப்பில் உறுதியாக இருப்பவர், அந்த உறுதியின் விலையைப் பிறர் கொடுக்க நேரிடுவதைக் காணத் தவறலாம். நல்ல நம்பிக்கைக்கும் காவல் வேண்டும்.

தீயும் புகழும்

முதல் ஏழு ஆண்டுகளில் வங்காளிகளில் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. 1800 டிசம்பரில்தான் தச்சர் கிருஷ்ண பால் முன்வந்தார். 1801-ல் வங்காளிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அதே ஆண்டு கோட்டை வில்லியம் கல்லூரியில் மாதம் 500 ரூபாய் சம்பளத்தில் கேரிக்கு வேலை கிடைத்தது. சம்பளத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், மார்ஷ்மன், வார்டு ஆகிய தோழர்களோடு நடத்திய சீராம்பூர் பொது நிதியில் சேர்த்தார்.

1812 மார்ச்சில் சீராம்பூர் அச்சகம் தீப்பற்றியது. பல ஆண்டுகள் உழைத்த கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. கேரி அழுதார். ஆனால் தண்டிக்கக் கடவுளுக்கு உரிமை உண்டு என்று பணிந்தார். ஒருமுறை நடந்த வழியை மறுமுறை நடப்பது சுலபம் என்று சொல்லி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

செய்தி எட்டியதும் இங்கிலாந்தில் பணம் குவிந்தது. புகழும் குவிந்தது. அப்போது நண்பர் ஆண்ட்ரூ புல்லர் எச்சரித்தார்: இந்தப் புகழைக் கண்டு தமக்கு நடுக்கமாக இருக்கிறது, இந்தத் தூபத்தை நாம் முகர்ந்தால் கடவுள் கோபிப்பார் என்று எழுதினார். தீ அழிக்காததைப் புகழ் அழித்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

திருத்தத்துக்கு அஞ்சாதவர்

கேரி முதலில் ராம்ராம் பாசுவிடம் பாடம் கேட்டவர். பண்டிதர்களின் துணையின்றி அவர் மொழிபெயர்க்கவில்லை. அவசரத்தில் செய்த மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் குறைகள் இருந்தன. வங்காளி வேதத்தை அவர் முதுமை வரை திருத்திக்கொண்டே வந்தார். தம் எழுத்து பிழையற்றது என்று எண்ணுபவர் இப்படித் திருத்துவாரா?

தம்மைப் பற்றி எழுதினால், சலியாமல் உழைப்பவன் என்று மட்டும் எழுதினால் போதும் என்று உறவினரிடம் சொல்லியிருந்தார். நோயுற்றுக் கிடந்தபோது, பார்க்க வந்த அலெக்சாண்டர் டஃப் அவரையே புகழ்ந்து பேசினார். தாம் போன பின் கேரியைப் பற்றிப் பேச வேண்டாம், கேரியின் இரட்சகரைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்.

1834 ஜூன் 9-ந் தேதி சீராம்பூரில் காலமானார். கல்லறையில் பட்டங்கள் ஏதும் வேண்டாம் என்று, ஐசக் வாட்ஸ் இயற்றிய கீதத்திலிருந்து தாழ்மையான ஓர் அடியை மட்டும் பொறிக்கச் சொல்லியிருந்தார்.

பெரிய காரியத்தில் துணிந்து இறங்குவது கர்வமல்ல. முடிந்த பிறகு அதன் பெருமை யாருக்குப் போகிறது என்பதில்தான் கர்வம் வெளிப்படுகிறது.