தாயாருக்கு ஒரு சட்டம்! தங்கைக்கு ஒரு ஆஸ்பத்திரி!!
சட்டசபைக்குப் போன முதல் பெண்மணியின் குடும்பக் கதை

சென்னை, அடையாறு:

பழைய வீடுகளில் கூடத்துச் சுவரைப் பார்த்தால் குடும்பப் படங்கள் வரிசையாகத் தொங்கும். அப்பா, அம்மா, தங்கை, கணவர், பிள்ளைகள் என்று எல்லோரும் இருப்பார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் குடும்பத்தாரை அப்படி வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு அதிசயம் தெரியும். ஒரு முகத்துக்குப் பின்னால் ஒரு சட்டம். இன்னொரு முகத்துக்குப் பின்னால் ஒரு ஆஸ்பத்திரி!

தந்தை, தாய்

புதுக்கோட்டையில் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி குலத்தில் பிறந்தவர். இந்தக் கல்யாணத்துக்காக அய்யரை அவருடைய சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்து விட்டார்கள்.

பெண் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. தந்தையே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1902-ல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

ஆண்பிள்ளைகள் படிக்கிற கல்லூரியில் ஒரு பெண்ணா என்று ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை மகாராஜா தலையிட்டு இடம் கொடுத்தார். அங்கிருந்து 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டர் பட்டம்!

கல்யாணத்துக்கு நிபந்தனை

கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவரை டாக்டர் சுந்தர ரெட்டி பெண் கேட்டார். முத்துலட்சுமி நிபந்தனை போட்டார். தன்னைச் சரிசமமாக நடத்த வேண்டும். தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவரும் தலையாட்டினார். 1914-ல் கலப்புத் திருமணம் நடந்தது. இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன.

சட்டசபையில் புயல்

1926-ல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண் அவர்தான். துணைத் தலைவர் பதவியும் தேடி வந்தது.

தாயார் குலத்துப் பெண்களின் கதி அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக் கொண்டே இருந்தது. சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டி, கோவிலுக்கு விடும் வழக்கத்தை ஒழிக்கக் கிளம்பினார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கோவில் ஊழியத்துக்காக அந்தக் குடும்பங்களுக்கு மானிய நிலம் கொடுத்திருந்தார்கள். ஊழியத்துக்கு ஆள் இல்லை என்றால் நிலம் போய் விடும். நிலம் போகாமல் இருக்க அடுத்த பெண்ணுக்குப் பொட்டு!

1929-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுக்கே என்று ஆனது. எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. தேவதாசிகளே சங்கம் வைத்து, பிழைப்புப் போய்விடும் என்று மனுக் கொடுத்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவையும் கொண்டு வந்தார்.

1930-ல் காந்திஜி கைதானார். முத்துலட்சுமி பதவியைத் தூக்கி எறிந்தார். மசோதா கிடப்பில் விழுந்தது. அது சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கதவைத் தட்டிய பெண்கள்

சட்டம் வரும் வரை பெண்கள் எங்கே போவார்கள்? அந்தக் குலத்துப் பெண்கள் சிலர் தங்க இடம் கிடைக்காமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கதவு திறந்தது. வீட்டிலேயே பிறந்தது அவ்வை இல்லம். பிறகு அது அடையாறுக்கு வந்தது.

தங்கையின் மரணம்

எல்லாவற்றையும் விடப் பெரிய அடி, தங்கையின் சாவு. இளம் வயதில் புற்றுநோய் வந்தது. அக்காள் டாக்டர். இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. நோயாளி துடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் முடிந்தது.

அந்த வேதனை ஆறவே இல்லை. புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று வருஷக்கணக்கில் அலைந்தார். வந்தால் பிழைக்காத நோய்க்கு ஆஸ்பத்திரி எதற்கு என்றுதான் அந்தக் காலத்தில் பலரும் நினைத்தார்கள்.

1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. மொத்தம் 12 படுக்கைகள்தான்! சின்னம்மாவைப் பறித்த நோயோடு போராட இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வந்தார். மறு வருஷம் டாக்டர் சாந்தா சேர்ந்தார். ஆயுள் முழுவதும் இருவரும் அங்கேயே உழைத்தார்கள்.

1956-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி, 82 வயது முடிய எட்டே நாள் இருக்கும்போது, அவர் கண் மூடினார்.

ஏழைக் கர்ப்பிணிகளுக்கான அரசின் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தப் பணம் வாங்கும் பெண்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?